கானாவின் மக்களாட்சி வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானா எங்கே உள்ளது? அதன் மக்களாட்சியைப் பற்றித் தனியாகப் பேசுவதற்கு என்ன காரணம்?

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவை ஒட்டி, ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ, டோகோ ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே கானா அமைந்துள்ளது. அக்ரா அதன் தலைநகர். கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் பிரிட்டனின் காலனியாக இருந்த இந்நாடு, 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. 1992இல் ஏற்கப்பட்ட அதன் அரசியலமைப்பு இன்றும் நடப்பில் உள்ளது. அதன் கீழ் 2001, 2009, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆளுங்கட்சி தோற்று, எதிர்க்கட்சியிடம் ஆட்சியை அமைதியாக ஒப்படைத்திருக்கிறது. கிழக்கே உள்ள டோகோவை 1967 முதல் ஒரே குடும்பம் ஆண்டு வருவதையும், வடக்கே உள்ள புர்கினா ஃபாசோவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு இராணுவக் கவிழ்ப்புகள் நடந்ததையும் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

ஆனால் கானா தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இப்போது நடப்பது நான்காம் குடியரசு. முந்தைய மூன்றையும் இராணுவம் கவிழ்த்தது.

பிரிட்டிஷார் வருவதற்கு முன் அங்கே மக்களாட்சி இருந்ததா?

இன்றைய பொருளில் இருந்தது என்று சொல்ல முடியாது. அசாந்தி, ஃபாந்தி முதலிய அகான் மக்களிடையே தலைவர் பதவி தாய்வழி மரபில் வந்தது. அரசத்தாய் வேட்பாளரை முன்மொழிய, மூத்தோர் அவை ஏற்க வேண்டும். பதவியேற்ற தலைவர் மரபை மீறினால் அவரை இறக்கிவிடும் உரிமையும் அவையோருக்கு உண்டு. அடிமைகளுக்கும் வெளியூராருக்கும் அதில் குரல் இல்லை. ஆகவே அதை மக்களாட்சி என்று மிகைப்படுத்துவது சரியன்று. எனினும், ஆட்சியாளர் நீக்கத்தக்கவர் என்ற எண்ணம் காலனி ஆட்சியோடு வந்து இறங்கியதன்று என்பது உறுதி.

எழுதப்பட்ட அரசியலமைப்பு முயற்சியும் அங்கே பழையது. கடலோர ஃபாந்தி அரசுகள் ஒன்றுகூடி 1871இல் மன்கெசிம் என்ற ஊரில் ஓர் அரசியலமைப்பை வகுத்தன. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைத் தங்களுக்கு எதிரான சதியாகக் கண்டு, அதில் ஈடுபட்டவர்களைக் கைது செய்தனர். 1897இல் கேப் கோஸ்ட் நகரில் தோன்றிய பூர்வகுடிகள் உரிமைப் பாதுகாப்புச் சங்கம், நிலங்களை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்ற சட்டமுன்வரைவை எதிர்த்து லண்டன் வரை தூது அனுப்பி அதைத் திரும்பப் பெறச் செய்தது.

விடுதலைப் போராட்டம் தேர்தல் அரசியலாக மாறியது எப்படி?

1947இல் சால்ட்பாண்ட் நகரில் வழக்கறிஞர் ஜே. பி. டான்குவா முதலியோர் ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் செயலாளராக அழைத்து வரப்பட்டவர் குவாமே நிக்ருமா. 1948 பிப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள், தங்கள் குறைகளைச் சொல்லி ஆளுநரிடம் மனு கொடுக்கக் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். இறக்குமதிப் பொருள்களின் விலையேற்றத்தை எதிர்த்து நீ குவாபெனா பான் என்ற தலைவர் நடத்திய புறக்கணிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. அக்ரா கொந்தளித்தது. டான்குவா, நிக்ருமா உள்ளிட்ட ஆறு தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். கலவரத்தை விசாரித்த வாட்சன் ஆணையம், இருந்த அரசியலமைப்பு காலத்துக்கு ஒவ்வாதது என்று கூற, முழுவதும் ஆப்பிரிக்கர்களே அடங்கிய கூசி குழு புதிய ஏற்பாட்டை வகுத்தது.

படித்தவர்களும் வழக்கறிஞர்களும் நிதானமாக நகர விரும்பினர். நிக்ருமாவுக்குப் பொறுமை இல்லை. அவர் 1949 ஜூனில் பிரிந்து மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். சந்தைப் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய இளைஞர்கள் ஆகியோரே அதன் பலம். 1950 ஜனவரியில் அவர் அறிவித்த வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் அவரைச் சிறைக்கு அனுப்பின. 1951 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் சிறையிலிருந்தபடியே அக்ராவில் போட்டியிட்டு, பதிவான 23,122 வாக்குகளில் 22,780ஐப் பெற்றார். தேர்தல் வழி நிரப்பப்பட்ட 38 இடங்களில் அவருடைய கட்சி 34ஐக் கைப்பற்றியது. ஆளுநர் சார்ல்ஸ் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து அரசு அமைக்க அழைத்தார். 1952இல் அவர் பிரதமரானார்.

நிக்ருமாவை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. இதைக் கவனிக்காமல் பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்வது கடினம். 1954இல் உலகச் சந்தையில் கோக்கோ விலை உச்சத்தில் இருந்தபோது, விவசாயிக்குக் கொடுக்கும் விலையை 60 பவுண்டு எடைக்கு 72 ஷில்லிங் என்று அரசு உறையவைத்தது. எஞ்சிய பணம் வளர்ச்சித் திட்டங்களுக்குச் செல்லும் என்றது. கோக்கோ விளையும் அசாந்திப் பகுதி கொதித்தெழ, அதே ஆண்டு செப்டம்பரில் குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. அது கூட்டாட்சியைக் கேட்டது. இந்தப் பூசலால், விடுதலைக்கு முன் மக்களின் தீர்ப்பை மீண்டும் கேட்க வேண்டும் என்று பிரிட்டன் வற்புறுத்தியது. 1956 தேர்தலில் நிக்ருமாவின் கட்சி 104 இடங்களில் 71ஐ வென்றது. ஆனால் வாக்குகளில் அதன் பங்கு சுமார் 57 சதவீதம்தான். அதாவது புதிய நாடு பிறந்தபோதே வாக்காளர்களில் ஐந்தில் இருவர் அதன் தலைவருக்கு எதிராக நின்றனர்.

விடுதலை தந்த தலைவரே ஒரு கட்சி ஆட்சிக்குச் சென்றது ஏன்?

எதிர்ப்பை நாட்டின் ஒற்றுமைக்கே ஆபத்தாக நிக்ருமா கண்டார் என்பதே சுருக்கமான விடை. 1957 இறுதியில் இனம், மதம், வட்டாரம் ஆகியவற்றின் அடிப்படையிலான கட்சிகள் தடை செய்யப்பட்டன. அதன் விளைவாக எதிர்க்கட்சிகள் ஒன்றிணைந்து கோஃபி புசியாவின் தலைமையில் ஐக்கியக் கட்சியாயின. 1958இல் வந்த தடுப்புக் காவல் சட்டம், விசாரணையின்றி ஐந்து ஆண்டுகள் வரை ஒருவரைச் சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1960 ஜூலை 1 அன்று நாடு குடியரசாகி, நிக்ருமா அதிபரானார்.

அதன் பிறகு சரிவு வேகமாயிற்று. 1962 ஆகஸ்டில் குலுங்குகு என்ற ஊரில் அவர்மீது குண்டு வீசப்பட்டது. அந்த வழக்கில் மூவரைச் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தபோது, 1963 டிசம்பரில் தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சாவை அவர் பதவி நீக்கினார். 1964 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஒரு கட்சி ஆட்சிக்கு 99.91 சதவீதம் பேர் ஆதரவு தந்ததாக அறிவிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 43 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்த நாட்டில் அந்த எண்ணை யார் நம்புவார்கள் என்று அறிவித்தவர்கள்கூடக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1948இல் அவருடன் சிறை சென்ற ஐவரில், ஒபெட்செபி-லாம்ப்டி 1963இலும் டான்குவா 1965இலும் அவருடைய அரசின் காவலில் இருந்தபோதே இறந்தனர்.

அகோசொம்போ அணை, தேமா துறைமுகம், கட்டணமில்லாக் கல்வி ஆகியவை அவர் விட்டுச்சென்றவை. அவற்றின் மதிப்பை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. ஆயினும் 1960களின் நடுவில் கோக்கோ விலை வீழ, பொருள் தட்டுப்பாடும் கடனும் பெருகின. 1966 பிப்ரவரி 24 அன்று, வியட்நாம் போரை நிறுத்தும் முயற்சியாக அவர் ஹனோய்க்குப் புறப்பட்டு வழியில் பெய்ஜிங்கில் இருந்தபோது, இராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. தேர்தலால் அவரை அகற்றும் வழியை அவரே அடைத்துவிட்டிருந்தார். அவர் நாடு திரும்பவில்லை; 1972இல் ருமேனியாவில் இறந்தார்.

இரண்டாம், மூன்றாம் குடியரசுகள் ஏன் நிலைக்கவில்லை?

1969 தேர்தலில் புசியாவின் முன்னேற்றக் கட்சி 140 இடங்களில் 105ஐ வென்றது. மக்களாட்சிக் கொள்கைக்காக நாடு கடந்து வாழ்ந்த பேராசிரியர் அவர். அதனால் எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. ஆனால் பதவியேற்ற சில வாரங்களிலேயே, உரிமமில்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். நைஜீரியர் உட்படப் பெருந்தொகையானோர் விரட்டப்பட்டனர். 1970இல் 568 அரசு ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களில் ஒருவரான சல்லா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிரதமரோ வானொலியில் தோன்றி, யாரையும் வேலையில் வைத்துக்கொள்ளுமாறு எந்த நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பொருளில் பேசினார். 1971 டிசம்பரில் நாணய மதிப்பைப் பெருமளவு குறைத்தார். இரண்டு வாரங்களுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், 1972 ஜனவரி 13 அன்று, கர்னல் அச்சியாம்போங் ஆட்சியைப் பறித்தார்.

அச்சியாம்போங் 1978 மார்ச்சில் நடத்திய வாக்கெடுப்பு சிறப்பாக நினைவுகொள்ளத் தக்கது. இராணுவம், காவல்துறை, குடிமக்கள் மூவரும் சேர்ந்து கட்சிகளே இல்லாமல் ஆளும் ‘ஒன்றிய அரசு’ வேண்டுமா என்பது கேள்வி. வாக்கு எண்ணிக்கையின்போது தேர்தல் ஆணையராக இருந்த நீதிபதி அப்பான் உயிருக்கு அஞ்சித் தலைமறைவாக நேர்ந்தது. வாக்கை எண்ணுபவருக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் வாக்களிப்பதற்குப் பொருளில்லை என்ற பாடத்தைக் கானாவின் அரசியல்வாதிகள் அங்கே கற்றார்கள் என்பது என் கருத்து. பிற்காலத் தேர்தல் விதிகளில் அதன் தடம் தெரிகிறது.

1979 ஜூன் 4 அன்று விமானப்படை லெப்டினன்ட் ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையில் இளநிலை வீரர்கள் கிளர்ந்தனர். அச்சியாம்போங், அஃப்ரிஃபா, அகுஃபோ ஆகிய மூன்று முன்னாள் ஆட்சித் தலைவர்கள் உட்பட எட்டு உயர் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் ஏற்கெனவே திட்டமிட்டிருந்த தேர்தல் நடந்தது. ஹில்லா லிமான் செப்டம்பர் 24 அன்று அதிபரானார். மூன்றாம் குடியரசுக்கு வாய்த்த ஆயுள் 27 மாதங்கள். 1981 டிசம்பர் 31 அன்று ராலிங்ஸ் திரும்பி வந்தார்.

ராலிங்ஸ் சர்வாதிகாரியா, மக்களாட்சியைக் கொண்டுவந்தவரா?

இரண்டும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களைக் கானாவில் இன்றும் காணலாம். 1982 ஜூன் 30 இரவு மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளும் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஒருவரும் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, புந்தாசே இராணுவப் பயிற்சித் திடலில் கொல்லப்பட்டனர். நீதிபதிகளில் ஒருவரான சிசிலியா கொரான்டெங்-அடோ கைக்குழந்தைக்குத் தாய். அந்த நாள் நீதித்துறையால் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. 1980களில் அரசை யாரும் வெளிப்படையாக விமர்சிக்காத நிலையை ‘மௌனப் பண்பாடு’ என்றார்கள். 1988இல் வரலாற்றறிஞர் அடு போஹென் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகள்தான் அதை உடைத்தன.

1983இல் வறட்சியும் காட்டுத்தீயும் நைஜீரியாவிலிருந்து விரட்டப்பட்ட பத்து லட்சம் பேர் அளவிலான கானா மக்களின் வருகையும் சேர்ந்து நாட்டை நிலைகுலைத்தன. ராலிங்ஸ் அரசு கடனுதவிக்காகப் பன்னாட்டு நாணய நிதியத்தின் பக்கம் திரும்பியது. உதவி தந்த நாடுகள், பனிப்போர் முடிந்ததும் அரசியல் சீர்திருத்தத்தை எதிர்பார்த்தன. உள்நாட்டில் வழக்கறிஞர் சங்கமும், கிறித்தவத் திருச்சபைகளும், மாணவர்களும், தொழிற்சங்கங்களும் நெருக்கின. 1992 ஏப்ரல் 28 வாக்கெடுப்பில் புதிய அரசியலமைப்பு 92 சதவீத ஆதரவோடு ஏற்கப்பட்டது. அதில் இராணுவ ஆட்சிக் காலச் செயல்களுக்காக யார்மீதும் வழக்குத் தொடர முடியாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ள அவருடைய அரசு மறக்கவில்லை. அந்த விதி இன்றும் இருக்கிறது. எனினும், இரண்டு முறைக்கு மேல் யாரும் அதிபராக முடியாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு 2001 ஜனவரி 7 அன்று அவர் பதவி விலகினார். தம் கட்சியின் வேட்பாளர் தோற்றிருந்த நிலையிலும் விலகினார்.

1992 தேர்தலை எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. பிறகு அந்த அமைப்பு எப்படி நின்றது?

1992 நவம்பர் அதிபர் தேர்தலில் ராலிங்ஸ் 58 சதவீதமும் அடு போஹென் 30 சதவீதமும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முறைகேடு நடந்தது என்று கூறி, புதிய தேசபக்திக் கட்சி முதலிய எதிர்க்கட்சிகள் டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. ராலிங்ஸின் தேசிய மக்களாட்சி மாநாடு 200 இடங்களில் 189ஐப் பிடித்தது. ஏறத்தாழ எதிர்க்கட்சியே இல்லாத நாடாளுமன்றம். வேறு நாடாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் சபைக்கு வெளியே நின்ற புதிய தேசபக்திக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1993இல் அது தொடுத்த வழக்குகளில், பொதுக்கூட்டம், ஊர்வலம் நடத்தக் காவல்துறையின் அனுமதி தேவை என்ற விதி செல்லாது என்றும், அரசு வானொலியும் தொலைக்காட்சியும் எதிர்க்கட்சிக்கும் சமவாய்ப்புத் தர வேண்டும் என்றும், 1981 கவிழ்ப்பு நாளான டிசம்பர் 31ஐப் பொதுப் பணத்தில் கொண்டாடக் கூடாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. கடைசி வழக்கில் தீர்ப்பு ஐந்துக்கு நான்கு. ஆட்சியில் இருந்தவரின் கவிழ்ப்பு நாளையே கொண்டாடத் தடை விதித்த நீதிபதிகள், பதினோர் ஆண்டுகளுக்கு முன் தங்கள் சக நீதிபதிகளுக்கு நேர்ந்ததை அறியாதவர்கள் அல்லர்.

இன்னொரு பக்கம், 1994இல் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. ஆணையத் தலைவர் அஃபாரி-கியான் தலைமையில் அங்கே நடந்த வாக்குவாதங்களிலிருந்துதான் ஒளி ஊடுருவும் வாக்குப்பெட்டி, புதிய வாக்காளர் பதிவு, கட்சி முகவர்களின் உரிமைகள் போன்றவை உருப்பெற்றன. நம்பிக்கையின்மைதான் கானாவின் தேர்தல் முறையைக் கட்டியெழுப்பியது. எதிராளி ஏமாற்றுவான் என்று இரு தரப்பும் உறுதியாக நம்பியதால், ஏமாற்ற முடியாத வழிமுறைகளுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

வாக்குகள் எப்படி எண்ணப்படுகின்றன?

வாக்காளர் விரல்ரேகை மூலம் அடையாளம் காணப்பட்டு, வாக்குச் சீட்டில் பெருவிரல் பதித்து, அதைப் பெட்டியில் இடுகிறார். வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகள் வேறெங்கும் கொண்டு செல்லப்படுவதில்லை. அதே சாவடியில், பெரும்பாலும் திறந்த வெளியில், ஊரார் பார்க்க ஒவ்வொரு சீட்டும் உயர்த்திக் காட்டி எண்ணப்படுகிறது. முடிவு எழுதப்பட்ட படிவத்தில் முகவர்கள் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்கிறார்கள். ‘பிங்க் ஷீட்’ என்று எல்லோரும் அழைக்கும் இந்தத் தாளை வைத்தே கட்சிகளும் தனியார் வானொலிகளும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கின்றன. ஆணையம் அறிவிக்கும் மொத்தம் இவற்றோடு பொருந்தாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

மிக நெருக்கமான தேர்தல்களில் என்ன நடந்தது?

2008இல் முதற்சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. டிசம்பர் 28இல் நடந்த இரண்டாம் சுற்றுக்குப் பின், வாக்குச் சீட்டுச் சிக்கலால் வாக்களிக்காமல் விடுபட்டிருந்த டெய்ன் என்ற ஒரே கிராமப்புறத் தொகுதிக்காக நாடே காத்திருந்தது. 2009 ஜனவரி 2 அன்று அங்கே வாக்களிப்பு முடிந்ததும், தேசிய மக்களாட்சி மாநாட்டின் ஜான் ஆட்டா மில்ஸ் 50.23 சதவீதத்துடன் வென்றதாக அறிவிக்கப்பட்டார். சுமார் 90 லட்சம் வாக்குகளில் வேறுபாடு ஏறத்தாழ 40,000. தோற்ற புதிய தேசபக்திக் கட்சி வேட்பாளர் நானா அகுஃபோ-அடோ முடிவை ஏற்றுக்கொண்டார். மில்ஸ் 2012 ஜூலையில் பதவியில் இருக்கும்போதே இறக்க, துணை அதிபர் ஜான் மகாமா அன்றைக்கே பதவியேற்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் மகாமா 50.7 சதவீதத்துடன் வென்றபோது, அகுஃபோ-அடோ உச்ச நீதிமன்றத்தை நாடினார். பல மாதங்கள் நடந்த விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. பிங்க் ஷீட்டில் கையெழுத்து விடுபட்டால் அந்தச் சாவடியின் வாக்குகள் செல்லுமா என்பது தேநீர்க் கடை விவாதமாயிற்று. 2013 ஆகஸ்ட் 29 அன்று மனு தள்ளுபடியானது. தீர்ப்போடு உடன்படவில்லை, ஆனால் ஏற்கிறேன் என்றார் அகுஃபோ-அடோ. 2016இல் அவரே வென்றார். 2020இல் தோற்ற மகாமாவும் வழக்குத் தொடுத்துத் தோற்று, 2024இல் 56 சதவீதத்துக்கு மேல் பெற்றுத் திரும்பினார். அந்த முறை, அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் பாவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இரு பெரும் கட்சிகளுக்கும் என்ன வேறுபாடு? வாக்கு இன அடிப்படையில் விழுகிறதா?

புதிய தேசபக்திக் கட்சி டான்குவா, புசியா மரபில் வந்தது; தனியார் தொழிலையும் சொத்துரிமையையும் முன்னிறுத்துவது; அசாந்திப் பகுதி அதன் கோட்டை. தேசிய மக்களாட்சி மாநாடு ராலிங்ஸின் வாரிசு. தன்னைச் சமூக ஜனநாயகக் கட்சி என்று அழைப்பது. வோல்ட்டாப் பகுதி அதன் கோட்டை. ஆட்சிக்கு வந்தபின் இரண்டின் பொருளாதாரக் கொள்கைகளிலும் பெரிய வேறுபாட்டைக் காண்பது அரிது. இரண்டுமே பன்னாட்டு நிதியத்திடம் சென்றவை. நிக்ருமாவின் பெயரைச் சொல்லும் கட்சிகள் இன்று சிறு குழுக்களாகச் சுருங்கிவிட்டன.

இனம் ஒரு காரணிதான். ஆனால் எந்த இனமும் தனியாகப் பெரும்பான்மை பெறப் போதாது. மத்தியப் பகுதியும் பெருநகர் அக்ராவும் தேர்தலுக்குத் தேர்தல் சாய்வு மாறுபவை. அவையே வெற்றியை முடிவு செய்கின்றன. அதிபருக்கு ஒரு கட்சி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு வேறு கட்சி என்று பிரித்து வாக்களிப்பதை அங்கே ‘பாவாடை-சட்டை’ வாக்கு என்பார்கள். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டு, நாடு வெளிக்கடனைத் திருப்பித் தர முடியாமல் நிறுத்திய பின், 2024 தேர்தலில் ஆளுங்கட்சிக்குத் தன் கோட்டைகளிலேயே வாக்குப்பதிவு குறைந்தது.

மரபுவழித் தலைவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த அமைப்பில் என்ன இடம்?

தலைவர்கள் கட்சி அரசியலில் ஈடுபட அரசியலமைப்பு தடை விதிக்கிறது. போட்டியிட விரும்புபவர் தலைமைப் பதவியைத் துறக்க வேண்டும். ஆனால் தேர்தல் பூசல்களில் அசாந்தி அரசர் இரண்டாம் ஒசெய் டுட்டு போன்றோரின் சொல்லுக்கு இரு கட்சிகளும் செவிசாய்க்கின்றன.

பெண்கள் நிலை ஏமாற்றம் தருவது. 1960இலேயே தனிச் சட்டம் இயற்றிப் பத்துப் பெண்களை அவைக்குக் கொண்டுவந்த நாட்டில், 2020 தேர்தலுக்குப் பின் 275 உறுப்பினர்களில் 40 பேரே பெண்கள். 2025இல் முதல் பெண் துணை அதிபராக ஜேன் நானா ஒபோக்கு-அஜெமாங் பதவியேற்றார்.

தேர்தல்கள் வன்முறையின்றி நடக்கின்றனவா?

பெரும்பாலும் ஆம், முற்றிலும் அல்ல. இரு கட்சிகளும் அடியாள் குழுக்களை வளர்த்தன. 2017இல் ஆளுங்கட்சி ஆதரவுக் குழு ஒன்று குமாசி நீதிமன்றத்துக்குள் புகுந்து, விசாரணையில் இருந்த தன் ஆட்களை மீட்டுச் சென்றது. 2019 ஜனவரியில் அக்ராவின் அயவாசோ இடைத்தேர்தலில் முகமூடி அணிந்த பாதுகாப்புப் படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அதை விசாரிக்க ஆணையம் அமைந்தது, இத்தகைய குழுக்களைத் தடை செய்யும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. 2020 தேர்தலில் ஐந்து பேர் இறந்தனர். அந்தத் தேர்தலில் இரு கட்சிகளும் தலா 137 இடங்கள் பெற, ஒரே ஒரு சுயேச்சை எஞ்சினார். அவைத் தலைவர் தேர்வு நடந்த இரவில் கைகலப்பு முற்றி, இராணுவத்தினர் அவைக்குள் வந்து நிற்கும் காட்சியை நாடு நேரலையில் கண்டது.

இன்றைய அமைப்பின் பெரிய குறை எது?

அதிபரின் கையில் குவிந்த அதிகாரம். அமைச்சர்களில் பெரும்பான்மையோர் நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே வர வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் அரசைக் கண்காணிக்க வேண்டிய உறுப்பினர் அமைச்சர் பதவிக்காகக் காத்திருக்கிறார். மாவட்டங்களை நடத்தும் தலைமை நிர்வாகியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதிபர் நியமிக்க, மாவட்ட மன்றம் ஒப்புதல் தருகிறது. வென்ற கட்சிக்கு எல்லாம், தோற்ற கட்சிக்கு ஒன்றுமில்லை என்பதால் தேர்தல் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. 2024இல் அதிபர் வேட்பாளர் செலுத்த வேண்டிய கட்டணமே ஒரு லட்சம் ‘செடி’ (கானாவின் நாணயம்).

தன்னாட்சி அமைப்புகளும் இதிலிருந்து தப்பவில்லை. 2018இல் அகுஃபோ-அடோ தேர்தல் ஆணையத் தலைவர் சார்லட் ஒசெய்யை நீக்கினார். 2025 செப்டம்பரில் மகாமா தலைமை நீதிபதி கெர்ட்ரூட் டோர்கோர்னூவை நீக்கினார். இரண்டும் அரசியலமைப்பின் 146ஆம் பிரிவின்படி, விசாரணைக் குழுவின் பரிந்துரையைப் பெற்றே நடந்தன. ஆகவே 1963இல் கோர்சாவுக்கு நடந்ததற்குச் சமம் என்று சொல்வது நியாயமன்று. ஆனால் இரண்டு முறையும் நீக்கப்பட்டவர் முந்தைய ஆட்சி நியமித்தவர் என்பதைக் கானா மக்கள் கவனிக்காமல் இல்லை.

அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சிகள் உண்டா?

உண்டு. 2010இல் அமைக்கப்பட்ட மறுஆய்வு ஆணையம் விரிவான அறிக்கை தந்தும் அது செயலுக்கு வரவில்லை. மாவட்ட மன்றத் தேர்தலில் கட்சிகள் போட்டியிட இன்றுள்ள தடையை நீக்க 2019 டிசம்பரில் நடக்கவிருந்த வாக்கெடுப்பு, எதிர்க்கட்சியும் மரபுவழித் தலைவர்கள் பலரும் எதிர்த்ததால் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அதோடு மாவட்ட நிர்வாகிகளை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திட்டமும் நின்றுபோனது. 2025 ஜனவரியில் மகாமா புதிய மறுஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். சில பிரிவுகளை நாடாளுமன்றமே திருத்தலாம்; அடிப்படைப் பிரிவுகளைத் திருத்தவோ பொது வாக்கெடுப்பு வேண்டும், அதில் வாக்காளர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் பங்கேற்க வேண்டும், பங்கேற்றவர்களில் 75 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும். இரு பெரும் கட்சிகளும் ஒரே பக்கம் நின்றாலன்றி இந்த எண்ணிக்கையை எட்டுவது இயலாது.